லகானை இழுத்தால் குதிரை நின்றுவிடுமா?

குதிரை வளர்ப்போர் கேள்வி – பதில்

போன இதழில் ரெய்னிங் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். கொள்ளு ஊறவைப்பது பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த மாதம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ரெய்னிங் என்பது அமெரிக்காவில் குதிரை மேல் இருந்து மாடு மேய்த்தவர்களின் சவாரியிலிருந்து வந்த போட்டி. ஒற்றைக் கையில் லகான், அதுவும் தளர்வாக. பெரிய வட்டம் வேகமாக, சின்ன வட்டம் மெதுவாக, வட்டம் மாறும் இடத்தில் ஓட்டத்தில் முந்தி விழும் கால் மாற்றம், நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்று, முழு வேகத்தில் ஓடிவந்து பின்னங்காலில் சறுக்கி நிறுத்தம், நின்ற கையோடு திரும்பி வந்த வழியே பாய்ச்சல், நேராகப் பின்னுக்கு நடை. இதையெல்லாம் குறித்துக் கொடுத்த வரிசைப்படி செய்து காட்டவேண்டும். அங்கே இதற்கென்று சங்கம் 1966-ல் தொடங்கினார்கள். உலகக் குதிரையேற்றப் போட்டியில் 2002-ல் ஸ்பெயினில் முதல்முறையாகச் சேர்த்தார்கள். நான் டெக்சாஸில் ஒரு லாயத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் லத்தி அள்ளியது மட்டும்தான், ஆகவே எனக்குத் தெரிந்ததில் பாதி தரையில் நின்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

கேள்வி: அண்ணே, வணக்கம். ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் ஒரு பெண் குதிரை பிடித்தேன். மார்வாரியும் நாட்டுக் குதிரையும் கலந்தது. நாலு வயது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓடவிட்டுக் கடிவாளத்தைச் சுண்டினால் பத்தடி சறுக்கி நிற்கிறது. என் மச்சான், 'இது ரெய்னிங்குக்கே பிறந்த குதிரை' என்கிறான். பழக்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது? – வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தம்பி, முதலில் அந்தச் சுண்டுவதை நிறுத்துங்கள். அப்புறம் பேசுவோம்.

சறுக்குவதில் இரண்டு ஜாதி இருக்கிறது. வாய் வலி தாங்காமல் தலையை வானத்துக்குத் தூக்கி, முதுகைக் குழியவிட்டு, முன்னங்காலை முட்டுக்கொடுத்து நிற்பது ஒன்று. முதுகை வில்லாக வளைத்து, புட்டத்தை இறக்கி, பின்னங்கால் இரண்டும் தரையில் உழுதுகொண்டே போக, முன்னங்கால் இரண்டும் சும்மா நடந்துகொண்டே வருவது இன்னொன்று. ரெய்னிங் கேட்பது இரண்டாவதை. மச்சானை வேலியோரம் நிற்கவைத்துப் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாய் திறந்திருக்கிறதா, முன்னங்கால் நடக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் குதிரை முதல் ஜாதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது குதிரையின் குறை இல்லை, சுண்டினால் எந்தக் குதிரையும் அப்படித்தான் நிற்கும். அதனால் இதை வைத்து அதை ஒதுக்கவும் வேண்டாம், தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம்.

வயதைப் பல்லில் பாருங்கள், வாயில் சொன்னதை விடுங்கள். நம் ஊரில் எல்லாரும் காளைக்குப் பல் பார்க்கத் தெரிந்தவர்கள், அதே கணக்கைக் குதிரைக்கும் போட்டுத்தான் ஏமாறுகிறார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, குதிரைக்கு உண்டு, விழுந்து முளைக்கும் வயதும் வேறு. குதிரைக்கு நடுப்பல் ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில், ஐந்தில் வாய் நிறைந்துவிடும். ஓரத்தில் இன்னும் பால்பல் நிற்கிறது, பக்கத்து ஜோடி மாறிவிட்டது என்றால் 'நாலு வயது' நிஜம்தான். அதுவும் விழவில்லை என்றால் உங்களிடம் இருப்பது மூன்று வயதுக் குட்டி, அதன் மேல் இப்போது ஏறி ஓட்டவே கூடாது. அமெரிக்காவில் இரண்டு வயதிலேயே சேணம் போட்டு, மூன்று வயதில் பெரிய பரிசுப் போட்டிக்கு இறக்கிவிடுகிறார்கள். பணம் அங்கே இருக்கிறது, அதனால் அப்படி. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். நமக்குப் பரிசுப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை.

அடுத்தது கால். சிமெண்ட் தரையிலோ தார் ரோட்டிலோ ஒருவர் கயிறு பிடித்து டிராட்டில், அதாவது நடைக்கு அடுத்த மெதுவோட்டத்தில், ஓட்டட்டும், நீங்கள் பின்னால் நின்று பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது இறங்கும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பு ஒருபக்கம் ஏறி இறங்கும். வெளியே தெரியாத வலிக்கு ஒரு வழி: பின்னங்காலை நன்றாக மடக்கித் தூக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடனே ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று எட்டு தட்டுத்தடுமாறிப் பிறகு சரியானால் பரவாயில்லை. நொண்டிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டாமல் மேற்கொண்டு ஒன்றும் செய்யாதீர்கள். ரெய்னிங்கில் சுமை முழுக்கப் பின்னங்கால் முட்டியில்தான் இறங்கும், அங்கே பழைய அடி இருந்தால் வீண் முயற்சி.

உடல்வாகு: பக்கத்தில் நின்று பார்க்கும்போது பிடரி முடிகிற மேடும் புட்டத்தின் உச்சியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். புட்டம் உயர்ந்து முன்பக்கம் சரிந்த குதிரை பின்னங்காலில் உட்கார மிகவும் கஷ்டப்படும். முதுகு குட்டையாக, சேணத்துக்குப் பின்னால் இடுப்பு அகலமாக, பின்னங்கால் முட்டி தரைக்குக் கிட்டத்தில். கழுத்து நெஞ்சிலிருந்து ரொம்ப நிமிர்ந்து எழாமல் கொஞ்சம் முன்னோக்கிப் போவது. இங்கேதான் மார்வாரி கலப்பில் சிக்கல், தலையைத் தூக்கி நடப்பது அதன் பிறவி அழகு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் தலை தூக்கினால் முதுகு குழியும், முதுகு குழிந்தால் பின்னங்கால் உள்ளே வராது. அமெரிக்கர்களின் குவார்ட்டர் ஹார்ஸ் இதற்கென்றே செதுக்கினது மாதிரி இருக்கும், குட்டையாக, புட்டத்தில் எல்லா பலமும். பேரே கால் மைல் ஓட்டத்தில் வந்தது. உங்கள் குதிரை அதுமாதிரி ஆகாது. ஆகவும் வேண்டாம், சுத்தமாக நின்று சுத்தமாகத் திரும்பினால் போதாதா?

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, குணம். இதற்குச் சேணம் வேண்டாம், கடிவாளமும் வேண்டாம். வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். தானாக ஓடி மூலைக்கு வரும்போது எப்படி நிற்கிறது? முன்னங்காலில் தடதடவென்று குத்தி நிற்கிறதா, பின்னால் அமுங்கித் திரும்புகிறதா? பின்னால் அமுங்கித் திரும்புகிற குதிரைக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அப்புறம் ஒரு பழைய உரச்சாக்கை வேலியில் தொங்கவிடுங்கள். எல்லாக் குதிரையும் மிரளும், மிரளுவது தப்பில்லை. மிரண்ட பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்து மோந்து பார்க்கிறது என்பதை மட்டும் கணக்கு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வந்து சாக்கைக் கடித்துப் பார்க்கிறதா, அந்தக் குதிரையை விடாதீர்கள். ஒருமணி நேரமாகியும் எதிர்மூலையில் மூக்கு விடைத்து நின்றால் உடம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்குச் சரிப்படாது, ஏனென்றால் ரெய்னிங் குதிரை முழு வேகத்தில் போகும்போதும் மனசு அமைதியாக நீங்கள் அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்று காதை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கவேண்டும்.

சந்தைக் குதிரை என்பதால் இன்னொன்று. கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்தாயிற்றா? மனிதருக்கும் தொற்றும் நோய் அது. இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் ரத்தம் கொடுத்து முடிவு வரும்வரை மற்றக் குதிரைகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள்.

கேள்வி: ரேக்ளாவில் ஓடிய ஏழு வயதுக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. நல்ல ஓட்டம். ரெய்னிங்குக்குத் திருப்பலாமா? – வாசகர், மேலூர்

பதில்: திருப்பலாம், ஆனால் நல்ல ஓட்டம்தான் உங்களுக்கு இடைஞ்சல். வண்டியில் ஓடிய குதிரைக்கு வாயில் இறுக்கம் என்றால் 'சாய்ந்துகொண்டு இன்னும் ஓடு' என்று அர்த்தம். அது படித்ததற்கு நேர் எதிரானதை நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். நேர் ரோட்டில் ஓடிப் பழகியது, வட்டம் தெரியாது. முதுகில் ஆள் ஏறினதும் இருக்காது. ஒரு வருஷம் நடையிலும் டிராட்டிலுமே கழிக்கப் பொறுமை உண்டு என்றால் வாங்குங்கள். அதற்கு முன், தார் ரோட்டில் ஓடின குதிரை என்பதால் முன்னங்கால் நரம்பைக் கணுவிலிருந்து முட்டிவரை இரண்டு விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் உருண்டையாகத் தடித்தோ சூடாகவோ இருந்தால், அண்ணே, நல்ல விலைக்கு வேறு யாராவது வாங்கட்டும்.

கேள்வி: அண்ணா, எங்கள் குதிரை நன்றாக ஓடுகிறது, வட்டமும் அடிக்கிறது. நிறுத்தம்தான் வரவில்லை. இழுக்க இழுக்க இன்னும் முன்னால் போகிறது. கடினமான கடிவாளம் மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. முந்நூற்றைம்பது கிலோ குதிரையோடு கயிறு இழுக்கும் போட்டியில் நீங்களும் ஜெயிக்கமுடியாது, நானும் முடியாது. நிறுத்தம் லகானில் இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கே நாலு வருஷம் ஆனது.

குதிரைக்கு நிற்கச் சொல்லும் விஷயம் மூன்று: நீங்கள் சேணத்தில் உட்காரும் விதம், வாய்ச்சொல், அப்புறம்தான் லகான். இந்த வரிசை மாறவே கூடாது. நடையில் தொடங்குங்கள். மூச்சை விட்டு, முதுகைத் தளர்த்தி, கால்சட்டையின் பின்பைக்குள் இருக்கும் பணத்தின் மேல் உட்காருகிற மாதிரி கனமாக உட்காருங்கள், கெண்டைக்காலைக் குதிரையிடமிருந்து எடுத்துவிடுங்கள். உடனே சொல். மனசுக்குள் 'ஒன்று' எண்ணுங்கள். அதற்குள் நின்றுவிட்டால் லகானைத் தொடவே வேண்டாம், கழுத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நிற்கவில்லை என்றால் லகானை மெதுவாக எடுத்து, ஐந்தாறு எட்டு பின்னுக்கு நடத்துங்கள், கோபம் இல்லாமல். திரும்ப நடை. இரண்டு வாரத்தில் ஒரு நாள் சொல் கேட்டதும் குதிரை தானாகவே எடையைப் பின்னால் தள்ளி நிற்கும், ஏனென்றால் அடுத்தது பின்னுக்கு நடக்கச் சொல்வீர்கள் என்று அதற்குத் தெரியும். அந்த நாளில் இறங்கிச் சேணத்தை அவிழ்த்துவிடுங்கள். அதைவிடப் பெரிய பரிசு குதிரைக்குக் கிடையாது.

பின்னுக்கு லேசாக நடக்காத குதிரை நன்றாக நிற்காது, இரண்டும் ஒரே வேலைதான். ஆகவே உங்கள் குதிரை பின்னுக்குப் போகும்போது தலையைத் தூக்கிக் காலை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள், வியாதி அங்கேதான் இருக்கும். அது சரியான பிறகு டிராட், டிராட்டில் ஒரு மாதம் பிசகாமல் நின்றபிறகு கேன்டர், அதாவது அதற்கடுத்த வேக ஓட்டம். அவசரப்பட்டு ஒரு படி தாண்டினால் இரண்டு படி இறங்கவேண்டி வரும்.

வேகத்தில் ஓடிவந்து நிற்பதற்குத் தனிப் பாடம் உண்டு. பாடம் நிற்பதில் இல்லை, ஓடுவதில். களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டிப்போய், நீங்கள் ஒன்றுமே சொல்லாமல், வேலி வந்ததால் குதிரை தானாக நிற்கட்டும். இப்படிப் பல நாள். நேராக ஓடாத குதிரை கோணலாகத்தான் சறுக்கும், கோணலாகச் சறுக்கினால் ஒரு பின்னங்கால் எல்லாச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, வேகம் ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து உச்சத்தில் நிற்கவேண்டும். முக்கால் தூரத்தில் 'இதோ நிறுத்தச் சொல்லப் போகிறார்' என்று குதிரை எட்டைக் குறுக்க ஆரம்பித்தால், நிறுத்தாதீர்கள். அப்படியே தாண்டி ஓட்டி வட்டத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள். நீங்கள் சொல்லும்வரை அது காத்திருக்கக் கற்கவேண்டும், உங்களுக்கு முன்னால் யோசிக்கக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நிறுத்தம். நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு அதுவே போதும். இன்னும் ஒன்று பார்ப்போமே என்ற ஆசையில்தான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறோம்.

கடினக் கடிவாளம் பற்றி: முள் வைத்த கடிவாளம் கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்றும் தெரிகிறது. வண்டி, பொதி மிருகங்களுக்கான 1965-ம் வருஷத்து வதைத் தடுப்பு விதிகளிலேயே முள், குமிழ் வைத்த கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், புண்ணான வாய் ஆறினாலும் தோல் தடித்து உணர்ச்சி போய்விடும், அப்புறம் நீங்கள் நினைத்தாலும் மெதுவாகப் பேசமுடியாது. நடுவில் மூட்டு வைத்த வழவழப்பான சாதாரண ஸ்னாஃபிள், இரண்டு கையில் லகான், ஒரு வருஷத்துக்கு இதுவே போதும். ஒற்றைக் கையெல்லாம் பிறகு.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிக் கிடக்கிறது. பரந்த இடம். அதில் சறுக்கப் பழக்கலாமா? சறுக்குவதற்கென்று தனி லாடம் உண்டாமே? – வாசகர், ஒத்தக்கடை

பதில்: உங்கள் கண்மாயில்தான் நான் கெட்டேன்.

ஊர் திரும்பிய வருஷம் ஒரு செவலைக் குதிரை வைத்திருந்தேன், காயடித்தது, சாது. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் யானைமலைப் பக்கம் கண்மாய்க்கரையில் உட்கார்ந்துகொண்டு, 'அமெரிக்காவில் என்னதான் படிச்ச, காட்டு' என்றார்கள். சாதாரண லாடம், வெயிலில் காய்ந்து ஓடு கட்டிய களிமண். காட்டினேன். மூன்றடி சறுக்கியதும் பின்னங்கால் பிடித்துக்கொண்டது, பின்புறக் கணு இரண்டிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. டெட்டனஸ் ஊசி, கட்டு, எல்லாம் ஆகி மூன்று வாரத்தில் காயம் ஆறிவிட்டது. குதிரை மனசில் ஆறவில்லை. அதற்கு அப்புறம் நிற்கச் சொல்லும் சொல்லைக் கேட்டாலே தலையைத் தூக்கும். பழைய நம்பிக்கைக்கு வர ஐந்து மாதம் நடையிலேயே பாடம் நடத்தினேன்.

சறுக்குகிற தரை என்பது இரண்டு அடுக்கு. கீழே கெட்டியாக, மட்டமாக, மேடுபள்ளம் இல்லாமல் அமுக்கிய தளம். மேலே இரண்டு, மூன்று அங்குலம் உதிரியான மண். பின்னங்கால் மேல்மண்ணைத் தள்ளிக்கொண்டு கெட்டித் தளத்தின் மேல் வழுக்கிப் போகவேண்டும். கண்மாயில் கீழும் மேலும் ஒரே களி. ஆற்றுமணல் அதற்கு நேர் எதிர், கீழே கெட்டியே இல்லை, கால் புதைந்து நரம்பு இழுத்துக்கொள்ளும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அதில் நடை தவிர எதுவும் வேண்டாம். மேலூர்ச் செம்மண்ணை ரோலர் போட்டு அமுக்கி, மேலே மணலும் வண்டலும் கலந்து பரப்பினால் ஓரளவு சரியான களம் கிடைக்கும், தினமும் தண்ணீர் தெளித்துப் பல்லுக்கலப்பையால் கிளறிவிட வேண்டியிருக்கும். நூறடிக்கு இருநூறடி என்றால் கிட்டத்தட்ட 46 சென்ட் ஆகிறது, செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

லாடம் உண்டு. பின்னங்காலுக்கு மட்டும், ஒரு அங்குல அகலத்தில் தட்டையாக, ஆணித்தலை வெளியே தெரியாமல் வழவழவென்று இருக்கும். ஆனால் தரை இல்லாமல் அந்த லாடம் மட்டும் அடித்தால் குதிரை சிமெண்டில் வழுக்கி விழும். கண்மாய் வட்டம் அடிக்கவும் கேன்டர் பழக்கவும் நல்ல இடம்தான், மழை பெய்து நாலு நாள் கழித்துப் போனால் இன்னும் நல்லது. சறுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்பின் (நின்ற இடத்துச் சுற்று) சொல்லிக்கொடுக்க, லகானைப் பிடித்து ஒரே பக்கம் இழுத்துச் சுற்றவைக்கிறேன். குதிரை பின்பக்கத்தையும் சேர்த்து வீசுகிறது. – வாசகர், வாடிப்பட்டி

பதில்: இழுத்தால் கழுத்து வரும், குதிரை வராது. சுற்றில் உள்பக்கத்துப் பின்னங்கால்தான் அச்சு, முன்பக்கம் அதைச் சுற்றிவரவேண்டும், வெளிப்பக்கத்து முன்னங்கால் உள்காலுக்கு முன்னால் தாண்டி விழவேண்டும். பின்னால் தாண்டினால் குளம்பில் குளம்பு இடித்துக்கொள்ளும். முன்னோக்கிய நடை இருந்தால்தான் முன்னால் தாண்டும். அதனால் நடையில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள், வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் போக இடமில்லாமல் முன்பக்கம் ஒரு எட்டு குறுக்கே வைக்கும். அந்த ஒரு எட்டு போதும், உடனே நேராக நடக்கவிடுங்கள். நாளைக்கு இரண்டு எட்டு. முழுச்சுற்று வர இரண்டு மாதம் ஆகலாம், வேகம் தானாக வரும். இடப்பக்கம் சுலபமாகவும் வலப்பக்கம் கஷ்டமாகவும் இருக்கும், அல்லது தலைகீழாக. எல்லாக் குதிரைக்கும் ஒரு கை உண்டு.

கேள்வி: மார்க் எப்படிப் போடுகிறார்கள்? நூற்றுக்கா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எல்லாருக்கும் தொடக்கம் 70. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் ஒன்றரை கூட்டலாம், ஒன்றரை கழிக்கலாம், இடையில் அரை அரையாக. குறையில்லாமல், ஆனால் விசேஷமும் இல்லாமல் செய்தால் அந்த அசைவுக்குப் பூஜ்யம், 70 அப்படியே நிற்கும். இதற்கு மேல் தண்டனைப் புள்ளி தனி. சுற்று கொஞ்சம் கூடவோ குறையவோ நின்றால் அரை அல்லது ஒன்று போகும், கால்வாசிச் சுற்றுக்கு மேல் கூடிவிட்டால் மொத்தமும் பூஜ்யம். அதனால்தான் நடுவர் மாதிரி நீங்களும் சுற்றை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். நாலு என்றால் நாலு. வேகத்தில் மயங்கி ஐந்தாவது போய் வெறுங்கையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தமிழ் படிக்கிறவர் என்று எழுதியிருந்ததால் ஒன்று சொல்கிறேன். மதுரைக்காஞ்சியில் குதிரையின் ஓட்டத்துக்கு மண்டிலம், ஆதி என்று இரண்டு சொல் வருகிறது, வட்டமாகப் போவது மண்டிலம், நேரே நெடுகப் போவது ஆதி. வட்டத்துக்கும் நேர் ஓட்டத்துக்கும் ரெய்னிங்கில் நான் தினமும் கத்துகிற இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: குதிரைக்குச் சுழி பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்கிறார் அப்பா. நீங்கள் சுழியைப் பற்றி எழுதுவதே இல்லையே? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: அப்பாவோடு சண்டை வேண்டாம். சுழி பார்த்துவிட்டுக் காலையும் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நெற்றிச் சுழி குறைவில்லாத குதிரையும் நொண்டியிருக்கிறது. அதே சமயம் நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரும் சுழி பார்ப்பார், அதனால் விலைக் கணக்கில் அதற்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது. சுழி சரியில்லை என்று ஒதுக்கிய குதிரை, காலும் குணமும் சுத்தமாக, விலை குறைவாகக் கிடைத்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: கோடையில் பயிற்சியை நிறுத்தவேண்டுமா? – வாசகர், சமயநல்லூர்

பதில்: நிறுத்தவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குச் சேணம், ஏழுக்குள் இறங்கிவிடவேண்டும். 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை மிருகங்களை வண்டியிலோ பொதியிலோ வேலை வாங்கக்கூடாது என்று நான் மேலே சொன்ன அதே விதிகளில் உண்டு, நம் ஊர்ச் சித்திரை வைகாசிக்கு அந்த எண் ஒன்றுமே இல்லை. குதிரையின் வியர்வையில் உப்பு நிறையப் போகும், தீனியில் தினம் 30 கிராம் போலச் சாதாரண உப்பு கலந்து, தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கட்டும். இறங்கியபிறகு பத்து நிமிடமாகியும் விலா அடித்துக்கொண்டே இருந்தால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான உடம்பில் தண்ணீர் ஊற்றினால் குதிரை பிடித்துக்கொள்ளும் என்று சொல்லும் பெரியவர்களிடம் என் பெயரைச் சொல்லி விடுங்கள்.

கேள்வி: நிறுத்தும்போது 'வோ' என்றுதான் சொல்லவேண்டுமா? தமிழில் சொன்னால் நிற்காதா? – வாசகர், அழகர்கோவில்

பதில்: சொல் எதுவாக இருந்தாலும் சரி, குட்டையாக இருக்கவேண்டும், அதை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. பலபேர் மெதுவாகப் போகவும் 'வோ', திரும்பவும் 'வோ', குளிப்பாட்டும்போது அசையாமல் இருக்கவும் 'வோ' என்பார்கள், அப்புறம் குதிரைக்கு அது வெறும் சத்தம். நான் 'நில்' வைத்திருக்கிறேன். அதில் ஒரு சங்கடம். போன மாதம் கேன்டரில் களத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி வாசலில் நின்று, தெருவுக்கு ஓடிய பேரனைப் பார்த்து 'டேய், நில்!' என்று கத்தினாள். குதிரை அத்தனை அழகாக, புட்டத்தை இறக்கி, தலை தூக்காமல் நின்றது. நான்தான் தயாராக இல்லை, பிடரியைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்திருந்தேன். பேரன் நிற்கவில்லை.